டைனமோவில் கேட்ட பிங்க் ஃப்ளொய்ட்: உங்களுக்கும் மெதுவாகத்தான் கேட்டதா?

குளக்கட்டு (வட்டக்கச்சி)

போன கிழமை மகள் தன் ஹெட்போனைத் தந்து, "அப்பா, உங்கட பாட்டை இதில கேட்டுப் பாருங்கோ" என்றாள். பிங்க் ஃப்ளொய்ட் என்ற இங்கிலிஷ் றொக் குழுவின் ‘டார்க் சைட் ஒஃப் த மூன்’ தட்டு முழுவதையும் எழும்பாமல் இருந்து கேட்டேன். 17 வயதில் பிடித்த பைத்தியம். இப்போது 50 தாண்டிவிட்டது. இன்றைக்கும் அதைச் சரியான வேகத்தில் கேட்டால் எனக்கு அவசரப்படுகிற மாதிரி இருக்கிறது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் பாடுவது போல.

காரணத்தை என் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். 1990 ஆனியில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பத் தொடங்கியதோடு வன்னியில் கரண்ட் போனது. பற்றரி தடை செய்யப்பட்ட சாமான்களில் ஒன்று. முடிந்துபோன பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னொரு பாட்டுக் கேட்கலாமா என்று பார்த்த காலம். எங்களிடம் நாலு பற்றரி போடுகிற சின்னக் கசற் பிளேயர் ஒன்று இருந்தது. அதை என் லுமாலா சைக்கிளின் டைனமோவோடு கொழுவினோம். சைக்கிளை டபுள் ஸ்ராண்டில் விட்டு ஒருவர் ஏறி மிதிப்பார், மற்றவர் கேட்பார்.

கசற் ஒரு சி90. கொழும்பில் படித்த மச்சான் ஒருவர் அங்கே றெக்கோடிங் கடையில் அடித்து, 1989 இல் கொண்டுவந்து தந்தது. ஒரு பக்கம் டார்க் சைட், 43 நிமிடம். மற்றப் பக்கம் ‘விஷ் யூ வேர் ஹியர்’, 44 நிமிடம். சி90 இன் ஒரு பக்கம் 45 நிமிடம் என்பதால் இரண்டும் வெட்டுப்படாமல் உட்கார்ந்தன. இதற்காகவே அளந்து செய்தார்களோ என்று அப்போது நினைத்தேன்.

எனக்குச் சின்னனிலிருந்து தொய்வு. ஐந்து நிமிடம் மிதித்தால் நெஞ்சு இழுக்கும். ஆகவே மிதித்தது முழுக்கப் பக்கத்து வளவுச் சிநேகிதன். ‘ஷைன் ஒன் யூ கிறேஸி டயமன்ட்’ தொடங்கி எட்டு நிமிடம் தாண்டும் வரைக்கும் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அவன் வியர்த்து ஒழுக மிதித்துக்கொண்டு, "எப்ப மச்சான் பாடுவாங்கள்?" என்று கேட்பான்.

அவன் களைக்க பாட்டும் களைக்கும். எனக்குத் தெரிந்த பிங்க் ஃப்ளொய்ட் அதுதான். வன்னியில் இப்படிக் கேட்டவர்கள் வேறு யாரும் இருக்கிறீர்களா?

றேடியோக்காரன் (விசுவமடு)

இருக்கிறோம் அண்ணை. அந்தக் காலத்தில் இந்த வேலைதான் எனக்குச் சோறு போட்டது. எத்தனை டைனமோ இணைத்துக் கொடுத்தேன் என்று கணக்கில்லை.

நீங்கள் சொன்னது சரி, மெதுவாகத்தான் கேட்கும். சிலர் "வேகமாக மிதித்தால் பாட்டும் வேகமாகப் போகும்" என்று கதை விடுவார்கள். அது பிழை. கசற் மோட்டருக்குள் கவர்னர் இருக்கிறது. தேவையான வோல்ட் கிடைத்தால் அது ஒரே வேகத்தில்தான் சுற்றும்; ரேப் ஒரு செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடும், அதற்கு மேலே போகாது. ஆனால் வோல்ட் விழுந்தால் கவர்னரால் ஒன்றும் செய்ய முடியாது, மோட்டர் தொய்ந்துவிடும். மேலே ஏறாது, கீழே இறங்கும். அதனால்தான் டைனமோப் பாட்டு எப்போதும் சோகப் பாட்டு.

இன்னொன்று கவனித்திருப்பீர்கள். மெல்லிய இடத்தில் பாட்டு ஒழுங்காகப் போகும். டிரம்ஸ் விழுந்ததும் பாட்டு அப்படியே குந்திவிடும். சத்தம் கூடும்போது ஸ்பீக்கர் கூடக் கரண்ட் இழுக்கும். சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட். அதற்கு மேலே என்ன கேட்டாலும் அதனிடம் இல்லை. ஸ்பீக்கர் இழுக்க, மோட்டருக்குப் பட்டினி.

டைனமோக் கரண்டை ஒரு பக்கம் திருப்ப நாலு டயோட், அதை நிரவ ஒரு கப்பாசிற்றர், அவ்வளவுதான் சாமான். கப்பாசிற்றர் இல்லாமல் சிலர் நேரே கொழுவினார்கள். பாட்டுக்குப் பின்னால் வண்டு இரைகிற மாதிரி ஒரு கொர்ர்ர். உங்களதில் கப்பாசிற்றர் இருந்ததா?

குளக்கட்டு

இருந்தது. பழுதான றேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய 1000 மைக்றோஃபரட். ஆனாலும் கொர்ர் கேட்டது. டயர் தேயும் சத்தம் வேறு.

டிரம்ஸ் விழ பாட்டுக் குந்துவது... 30 வருசமாக அதை நிக் மேசனின் கைத்திறன் என்று நினைத்திருந்தேன் தம்பி. நீர் இன்றைக்கு அதையும் கெடுத்துவிட்டீர்.

கச்சான் (முறிகண்டி)

எங்கள் வீட்டில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு, பெடலைக் கையால் சுற்றுவோம். ‘சுற்றுவோம்’ என்று மரியாதைக்கு எழுதுகிறேன். சுற்றியது நான் மட்டும். அப்பாவுக்கு இரவில் றேடியோவில் தமிழோசை, வெரித்தாஸ் செய்தி. அது முடிந்ததும் அண்ணாவுக்கு இங்கிலிஷ் பாட்டு. செய்திக்குச் சுற்றியது எனக்கு வருத்தமில்லை, வீட்டில் எல்லாரும் சுற்றி இருந்து கேட்பார்கள். அண்ணாவின் பாட்டுக்குச் சுற்றும்போது மனதுக்குள் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஆகவே உங்கள் சிநேகிதன் பக்கம்தான் நான்.

திரும்பச் சுற்றுவதற்குக் கரண்ட் செலவழிக்கக் கூடாது என்பது அண்ணாவின் சட்டம். பேனையைக் கசற் பல்லில் கொழுவி, கையால் றீவைன்ட். அதுவும் நான்தான்.

அந்தக் கசற்றில் ஒரு பாட்டு மட்டும் எனக்குப் பிடிக்கும். ஒரு பெண் சொல்லே இல்லாமல் அழுவாள். நான் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்கப் பார்ப்பேன், நிறுத்தினால் பாட்டு நின்றுவிடும். அம்மம்மா ஒருநாள் கேட்டுவிட்டு, "ஆற்ற செத்தவீடு?" என்றார். அதுவும் இந்த ‘டார்க் சைட்’டில்தானா?

குளக்கட்டு

அதேதான் தங்கச்சி. ‘த கிறேட் கிக் இன் த ஸ்கை’. பாடியவர் கிளெயர் டொறி. 1973 தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அபி றோட் ஸ்ரூடியோவுக்குக் கூப்பிட்டார்கள். பாட்டுக்கு வரி ஒன்றும் இல்லை, சாவைப் பற்றியது என்று மட்டும் சொல்லிப் பாடவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரட்டைக் கூலி, 30 பவுண். பாடிவிட்டுப் போய்விட்டார். ஆக்கியவர் என்று தட்டில் குழுவின் கீபோட்காரர் றிச்சர்ட் றைட்டின் பெயர் மட்டும்தான் இருந்தது. 2004 இல் வழக்குப் போட்டார். அடுத்த வருசம் சமரசமாகி, இப்போது ஆக்கியவர்களில் ஒருவராக அவருடைய பெயரும் இருக்கிறது.

உங்கள் அம்மம்மாவின் காது பழுதில்லை. ஒப்பாரிக்கும் அப்படித்தானே, ஒரு கட்டத்துக்கு மேலே சொல் தேவைப்படாது.

கச்சான்

30 பவுண். எனக்கு அதுவும் தரவில்லை.

கடும்ஊதா (பரந்தன்)

இந்த இழையில் எனக்கு வேலையில்லை. நான் டீப் பேர்ப்பிள் குழுவின் ஆள். ஆனாலும் பிங்க் ஃப்ளொய்டின் ‘த வோல்’ தட்டைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது, தீர்த்துவிட்டுப் போகிறேன்.

1992 அல்லது 93. பெரியப்பாவின் மகனிடம் அந்தக் கசற் வந்தது. அவர்கள் வீட்டில் உழவு இயந்திரத்தின் பற்றரி இருந்தபடியால் சத்தமாகவே போட்டார்கள், அதுவும் பட்டப்பகலில். முதல் பாட்டு முடிகிற இடத்தில் பொம்பர் குத்தி இறங்குகிற சத்தம். சும்மா இல்லை, அசல் சத்தம். முற்றத்தில் நெல் காயவிட்டுக்கொண்டிருந்த பெரியம்மா கடகத்தை எறிந்துவிட்டு "பங்கருக்க ஓடுங்கோ" என்று கத்தினார். நாங்களும் ஓடினோம். கசற் போட்டவனும் ஓடினான், அதுதான் பகிடி. பங்கருக்குள் இருந்து கேட்கிறோம், பொம்பர் போன திசையில் ஒரு குழந்தை அழுகிறது. அதற்குப் பிறகு பாட்டு.

சரி, தட்டுத்தான் என்று விளங்கி எல்லாரும் வெளியே வந்து அவனுக்கு ஏச்சு. இரண்டு பாட்டுத் தாண்டவில்லை, ஹெலிகொப்ரர் சத்தம். திரும்பவும் பெரியம்மா ஓட, "இதுவும் பாட்டுத்தான் அம்மா" என்று அவன் சிரிக்கிறான். அவர் நம்பவில்லை. இருட்டும் வரைக்கும் பங்கரிலேயே இருந்தார். நெல்லைக் கோழி தின்றது.

பாட்டுக்குள் ஹெலி விட்டவனுக்கு ஹெலிக்குக் கீழே இருந்து பழக்கமில்லை. அன்றோடு எனக்கு அந்தக் குழு சரிவரவில்லை. டீப் பேர்ப்பிளின் பாட்டு ஒன்றில் ஒரு சூதாட்ட மண்டபம் எரியும், அதோடு சரி.

ஈஸ்ட்ஹாம் (லண்டன், முந்தி துணுக்காய்)

கடும்ஊதா அண்ணா, பழக்கமில்லை என்று முழுக்கச் சொல்ல முடியாது. ‘த வோல்’ எழுதிய றொஜர் வோட்டர்ஸ் 1943 புரட்டாதியில் பிறந்தவர். பிறந்து ஐந்து மாதம், 1944 மாசி 18 இல் அவருடைய தகப்பன் இத்தாலியில் அன்ஸியோ என்ற இடத்துச் சண்டையில் செத்துப்போனார். தகப்பனின் முகத்தைக் கண்ட ஞாபகம் அவருக்கு இருக்க வழியில்லை. அந்தப் பொம்பருக்குப் பிறகு குழந்தை அழுவதை இதையும் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். எங்கள் ஊரில் அப்படி எத்தனை பிள்ளைகள்.

தகப்பனைப் பற்றிய இன்னொரு பாட்டும் இருக்கிறது. அதன் தலைப்பில்தான் சோலி. ‘வென் த டைகர்ஸ் புறோக் ஃப்றீ’, ‘புலிகள் கட்டறுத்தபோது’ என்று அர்த்தம். 1982 இல் வந்தது. அங்கே டைகர் என்பது ஜேர்மன்காரரின் டாங்கி. 2001 கடைசியில் வந்த ‘எக்கோஸ்’ என்ற இரட்டை சீடியில் அதையும் சேர்த்திருந்தார்கள். போர்நிறுத்தத்தில் வன்னிப் பாதை திறந்த பிறகு 2003 இல் ஊருக்கு வரும்போது மச்சானுக்கு என்று அதை வாங்கினேன். விமானத்தில் இருந்து பின்மட்டையைப் பார்த்த பிறகுதான் அந்த வரி கண்ணில் பட்டது. கொழும்பில் இறங்கி வவுனியா தாண்டி ஏ9 இல் போக வேண்டும். இத்தாலி, 1944, ஜேர்மன் டாங்கி என்று வழியில் யாருக்கு விளங்கப்படுத்துவது? விலைச் சீட்டை உரித்து அந்த வரியின் மேல் ஒட்டிக்கொண்டு போனேன். ஊரில் மச்சான் அதை உரித்துப் பார்த்துவிட்டு, எங்கட ஆக்களைப் பற்றி வெள்ளைக்காரன் பாட்டே எழுதிவிட்டான் என்று நாலு நாள் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். நான் திருத்தவில்லை.

2005 ஆடி 2, இங்கே லண்டன் ஹைட் பார்க்கில் பிங்க் ஃப்ளொய்டின் நாலு பேரும் ஒன்றாக மேடை ஏறினார்கள். 24 வருசத்துக்குப் பிறகு முதல் தடவை, அதுதான் கடைசியும். போனில் செய்தி அனுப்பிக் குலுக்கலில் ரிக்கற். எனக்கு விழவில்லை. பத்து மைலுக்குக் கிட்டத் தூரத்தில் நடக்கிற கச்சேரியை வீட்டில் ரீவியில் பார்த்தேன்.

தவிலடி (முள்ளியவளை)

ஒரு சின்னத் தகவல். ‘டார்க் சைட்’டில் வரும் ‘மணி’ (இங்கிலிஷில் காசு) என்ற பாட்டை யாரும் தாளம் போட்டுப் பார்த்தீர்களா? தொடக்கத்தில் காசுச் சத்தம், கல்லாப்பெட்டிச் சத்தம் எல்லாவற்றையும் ரேப்பில் வெட்டி ஒட்டி ஒரு சுற்றாக ஓடவிட்டிருப்பார்கள். அந்தச் சுற்றே ஏழு. மிஸ்ரசாபு மாதிரி ஏழு. முதல் தடவை கேட்டபோது என் கை தானாகவே தொடையில் போட்டுவிட்டது, தகிட தகதிமி. நடுவில் கிற்றார் தனியாக வாசிக்கிற இடத்தில் மட்டும் நாலுக்கு மாறிப் பிறகு ஏழுக்குத் திரும்புவார்கள். வெள்ளைக்காரப் பெடியன்கள் அதை வாசிக்கக் கஷ்டப்படுகிறார்களாம். எங்கள் பக்கத்தில் மேளம் பழகும் பத்து வயதுப் பிள்ளை வாசிக்கும்.

எட்டு நிமிடம் பாடாமல் இருப்பதைப் பெரிய குறையாகச் சொல்கிறவர்கள் முல்லைத்தீவில் கோவலன் கூத்துப் பார்க்காத ஆக்கள். ‘எக்கோஸ்’ பாட்டு 23 நிமிடம் என்று எனக்கு ஒருவர் பயப்படுத்தினார். இரவு தொடங்கி விடியும் வரைக்கும் கூத்துப் பார்த்து, நடுவில் நித்திரை கொண்டு எழும்பினாலும் கதை விடுபடாது என்று தெரிந்த சனம் நாங்கள். 23 நிமிடம் என்பது உடுப்புக் கட்டுகிற நேரம்.

ரெண்டாயிரம் (கிளிநொச்சி)

நான் 2000 இல் பிறந்தவன், டைனமோவைக் கண்டது குறைவு. கிற்றார் பழகுகிறேன். ‘விஷ் யூ வேர் ஹியர்’ தொடக்கம்தான் நான் பிழையில்லாமல் வாசிக்கப் பழகிய முதல் துண்டு.

ஒரு சந்தேகம். கோபிக்க வேண்டாம். அண்ணைமார் எழுதுவதைப் பார்த்தால், பாட்டை விட டைனமோவைத்தான் கூட நேசிக்கிறீர்கள் போல இருக்கிறது. நல்ல சத்தத்தில் இப்போது கேட்டால் ‘டைம்’ பாட்டில் ஒவ்வொரு மணிக்கூடும் தனித்தனியாகக் கேட்கிறது. அந்தத் தட்டின் ஒலிப்பதிவாளர் அலன் பார்சன்ஸ் பழைய மணிக்கூட்டுக் கடையில் போய் ஒவ்வொன்றாகப் பதிவு செய்து கோர்த்தாராம். அந்த உழைப்பை மூன்று அங்குல ஸ்பீக்கரில், கொர்ர் சத்தத்தோடு, அரைவாசி வேகத்தில் கேட்டால் அது அவர்களுக்குச் செய்கிற அநியாயம் இல்லையா?

றேடியோக்காரன்

தம்பி, அரைவாசி வேகம் இல்லை. வேகம் 6 வீதம் குறைந்தால் ஓர் அரைச்சுரம் இறங்கும். 11 வீதம் அளவுக்குப் போனால் முழுச்சுரம் ஒன்று. அதற்கு மேலே இறங்கினால் பாடுகிறவன் கள்ளுக் குடித்த மாதிரி இருக்கும், மிதிக்கிறவனே சிரித்துவிடுவான். அண்ணையின் சிநேகிதன் அரைச்சுரத்துக்கும் முழுச்சுரத்துக்கும் இடையில் வைத்திருந்திருப்பார்.

குளக்கட்டு

தம்பி ரெண்டாயிரம் கேட்டதில் பிழையில்லை. நானே என்னைக் கேட்ட கேள்வி.

2002 இல் பாதை திறந்த பிறகு கிளிநொச்சியில் ஒருவர் வீட்டில், ஜெனரேற்றர் போட்டு, பெரிய செற்றில் முதன்முதலாக இந்தக் கசற்றை ஒழுங்காகக் கேட்டேன். சிநேகிதனும் கூட வந்தான். நீர் சொன்ன மணிக்கூடெல்லாம் கேட்டது. றிச்சர்ட் றைட்டின் கீபோட் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும், எங்கள் ஸ்பீக்கரில் அது டைனமோச் சத்தத்தோடு ஒட்டிப்போயிருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். அவன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மச்சான், இது இறக்கத்தில ஓடுற மாதிரி இருக்கு" என்றான். மிதிக்காமல் சும்மா இருந்து கேட்க அவனுக்குக் கால் ஓடவில்லை.

இப்போது ஒரு விசயம். இதற்கு முன் யாருக்கும் சொன்னதில்லை, அல்லது சொல்ல ஒரு சந்தர்ப்பம் வரவில்லை. 44 நிமிடம் முடிந்த பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு நிமிடத்துக்குக் கிட்ட வெறும் ரேப் மிச்சம் இருக்கும். ஒருநாள் பாட்டு முடிந்ததும் நான் பகிடிக்கு றெக்கோட் பொத்தானை அமத்தினேன். அவனுக்குத் தெரியாது. மிதித்துக்கொண்டே இருக்கிறான். சங்கிலிச் சத்தம், டயர்ச் சத்தம், ஒரு நாய். பிறகு அவன் ‘ஷைன் ஒன்’னில் கிற்றாரில் திரும்பத் திரும்ப வரும் அந்த நாலு சுரத்தை விசிலடிக்கிறான். பிறகு, "முடிஞ்சுதோ? இறங்கட்டோ?" என்கிறான். நான் சிரிக்கிறேன். அவ்வளவுதான், ரேப் முடிந்துவிட்டது.

அன்றைக்குக் கிளிநொச்சியில் அந்தப் பெரிய செற்றில் கடைசியில் இதுவும் ஓடியது. அவனுடைய குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி, கீச்சென்று. இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

2005 இல் ஒரு கொப்பி எடுப்பதற்காகக் கசற்றை வவுனியாவில் பெரியம்மா வீட்டில் கொடுத்தேன். அடுத்த வருசம் பாதை மூடியது. அதனால் அது பிழைத்தது. எங்களிடம் இருந்த மற்ற எதுவும் 2009 ஐத் தாண்டவில்லை.

அவனை நான் கடைசியாகக் கண்டது 2009 மாசியில்.

கச்சான்

அண்ணா, அவருடைய வீட்டுக்காரர் யாரும் இருக்கிறார்களா?

குளக்கட்டு

தாய் இருக்கிறா. கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 மாசியில் தொடங்கிய போராட்டத்தில் படத்தோடு இருந்தவர்களில் அவவும் ஒருவர். இப்போது நடக்க ஏலாது.

அவவுக்கு இந்தத் துண்டை நான் போட்டுக் காட்டவில்லை. கீச்சுக் குரலில் எப்படிப் போட்டுக் காட்டுவது? அது அவன் இல்லை.

றேடியோக்காரன்

அண்ணை, அது அவருடைய குரல்தான். வேகம் மட்டும்தான் பிழை. கவனமாகக் கேளுங்கோ. றெக்கோட் பண்ணும்போதும் அதே டைனமோதானே? மோட்டர் மெதுவாகச் சுற்றும்போது பதிந்ததை, ஒழுங்காகச் சுற்றுகிற மெசினில் போட்டால் வேகமாகி மேலே ஏறும். எந்த அளவுக்கு மெதுவாகப் பதிந்ததோ அந்த அளவுக்கு மெதுவாக ஓட்டினால் அசல் குரல் வரும். அதாவது உங்கள் பழைய பிளேயர், பழைய டைனமோ, அவரை மாதிரிக் களைத்த ஒருவர் இருந்தால் காணும்.

ரெண்டாயிரம்

அவ்வளவு பாடு தேவையில்லை. கணினிக்கு மாற்றி எனக்கு அனுப்புங்கோ அண்ணா. வேகத்தை வீதக் கணக்கில் குறைக்கலாம், ஐந்து நிமிட வேலை. முதல் கேட்ட கேள்வியை மறந்துவிடுங்கோ.

குளக்கட்டு

எத்தனை வீதம் தம்பி? அதுதானே தெரியாது.

தவிலடி

விசில் இருக்கிறதே. அந்த நாலு சுரத்தின் அசல் சுருதி தட்டில் இருக்கிறது. விசிலை அதற்குப் பொருந்த இறக்கினால் குரலும் இடத்துக்கு வந்துவிடும்.

றேடியோக்காரன்

வராது. அவர் அந்தப் பாட்டை எங்கே பழகினார்? டைனமோவில். அரைச்சுரமோ ஒன்றோ இறங்கிய பாட்டைத்தான் அவருக்குத் தெரியும். அவர் விசிலடித்தது அந்தச் சுருதியில். தட்டின் சுருதிக்குப் பொருத்தினால் இறக்க வேண்டிய அளவுக்கு இறங்காது, இன்னும் கீச்சுத்தான்.

தவிலடி

அது சரி. அப்படியென்றால் அவருக்குப் பாட்டு எவ்வளவு இறங்கிக் கேட்டதோ, அதைக் கண்டுபிடித்தால்... அதற்கும் மிதித்த வேகம் தெரிய வேண்டும். சுற்றிச் சுற்றி ஒரே இடம்.

ஈஸ்ட்ஹாம்

நாயின் குரலை வைத்துப் பார்க்கலாமா?

கடும்ஊதா

நாய்க்குச் சுருதி பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டோம். பிங்க் ஃப்ளொய்ட் ஆக்கள் இப்படித்தான் என்று எனக்கு முந்தியே தெரியும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். கணக்கை விடுங்கள். நீங்கள் இருபது வருசத்துக்கு மேல் அவருடைய குரலைக் கேட்டவர். வேகத்தை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டு போனால், எந்த இடத்தில் அது அவர் என்று உங்கள் காது சொல்லாதா? அதைவிட அவருடைய தாயின் காது சொல்லும்.

றேடியோக்காரன்

இவர் சொல்வதுதான் சரி, டீப் பேர்ப்பிள் ஆளாக இருந்தாலும்.

அண்ணை, கசற்றைத் தபாலில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். வீட்டில் கிடக்கிற எந்தச் செற்றிலும் போட்டுப் பார்க்கவும் வேண்டாம், றப்பர் உருகியிருந்தால் ரேப்பைத் தின்றுவிடும். என்னிடம் நல்ல டெக் ஒன்று இருக்கிறது. மோட்டரின் பின்பக்கத்தில் சின்னத் துளை இருக்கும், அதற்குள் ஒரு திருகாணி. அதைத் திருப்பினால் வேகம் கூடும், குறையும். ஹெட்டை ஓடிக்கொலோன் போட்டுத் துடைத்து வைக்கிறேன். தம்பி ரெண்டாயிரம் கணினியோடு வரட்டும். முதலில் இருக்கிறபடி ஒரு கொப்பி எடுப்போம், பிறகுதான் மற்ற வேலை. வருகிற சனிக்கிழமை காலமை முடியுமா?

ரெண்டாயிரம்

நான் வாறன். கிளிநொச்சியிலிருந்து மோட்டார்சைக்கிளில் வட்டக்கச்சி வந்து அண்ணாவையும் ஏற்றிக்கொண்டு வரலாம்.

குளக்கட்டு

சனி சரி. ஆனால் முதல் தடவை இறக்கிப் பார்ப்பது அவனுடைய அம்மா வீட்டில் நடக்கட்டும். டெக்கைத் தூக்கிக்கொண்டு வர முடியுமா தம்பி? பாரமோ?

றேடியோக்காரன்

பாரம்தான். ஆட்டோவில் கொண்டு வாறன். அங்கே கரண்ட் ஒழுங்காக நிற்குமா?

குளக்கட்டு

நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். மாரி தொடங்கிவிட்டது, சொல்ல முடியாது.

கச்சான்

நின்றால் சொல்லுங்கோ. முறிகண்டியிலிருந்து வந்து சுற்றித் தாறன்.